பெரிய பேட்டரி ஒண்ணு கிரிட்ல என்ன வேலை பாக்குது, எவ்ளோ பெருசு வேணும்னு நாமளே கணக்கு போடுறது எப்படி

"100 மெகாவாட் பேட்டரி ரெடி"ன்னு ஒரு செய்தி வரும். பாதி பேர் அப்போ இனிமே பவர் கட்டே இல்லன்னு சந்தோஷப்படுவாங்க, மீதி பேர் ஒரு மணி நேரத்துல தீந்துபோற டப்பாவ வச்சு என்னத்த கிழிக்கப் போறாங்கன்னு கேப்பாங்க. ரெண்டு பேருமே ஒரே விஷயத்த விட்டுட்டாங்க, அந்த பேட்டரிக்கு என்ன வேலை குடுத்திருக்காங்கன்னு கேக்கவே இல்ல. வேலை தெரியாம சைஸ் பத்தி பேசுறதுல அர்த்தமே இல்ல, அதனால இந்த கைடு முழுக்க அந்த கேள்விய சுத்தியே தான் இருக்கும். பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும், இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

முதல்ல ரெண்டு நம்பர கேளுங்க

செய்தில ஒரே ஒரு நம்பர் தான் இருந்துச்சுன்னா அது பாதி செய்தி. மெகாவாட்னா ஒரு நேரத்துல எவ்ளோ வேகமா குடுக்க முடியும், மெகாவாட் ஹவர்னா மொத்தமா உள்ள எவ்ளோ இருக்கு. நம்ம கரண்ட் பில்லுல வர்ற 1 யூனிட்ங்கிறது 1 கிலோவாட் ஹவர், அந்த மாதிரி ஆயிரம் யூனிட் சேந்தா 1 மெகாவாட் ஹவர். தென் ஆஸ்திரேலியால 2017 கடைசில வந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரிய எடுத்துக்கோங்க, எலான் மஸ்க் 100 நாள்ல முடிக்கலன்னா காசே வேணாம்னு சொன்னாரே அதே தான். அது 100 மெகாவாட், 129 மெகாவாட் ஹவர். அதாவது 1 லட்சத்து 29 ஆயிரம் யூனிட். முழு வேகத்துல விட்டா 129 வகுத்தல் 100, சுமார் 1 மணி 17 நிமிஷம். பாதி வேகத்துல விட்டா ரெண்டரை மணி நேரத்துக்கு மேல வரும். 2020ல இத 150 மெகாவாட், 194 மெகாவாட் ஹவர்னு பெருசாக்கினாங்க, வகுத்து பாத்தா நேரம் கிட்டத்தட்ட அதே தான்.

இந்த வகுத்தல் தான் முதல் வேலை. அரை மணி, ஒரு மணின்னு வந்தா அந்த பேட்டரிய பெரும்பாலும் ஃப்ரீக்வென்சிய (கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ அலை மாதிரி ஏறி இறங்குதுங்கிற அளவு) காப்பாத்துறதுக்கு வாங்கியிருப்பாங்க. 4 மணின்னு வந்தா சாயங்கால பீக்குக்கு, அதாவது கரண்ட் தேவை உச்சத்துல நிக்கிற நேரத்துக்கு. கலிஃபோர்னியால நிறைய பேட்டரி சொல்லி வச்ச மாதிரி 4 மணி நேரமா இருக்கும், அதுக்கு காரணம் கெமிஸ்ட்ரி இல்ல, 4 மணி நேரம் தொடர்ந்து குடுக்க முடிஞ்சா தான் முழு கெப்பாசிட்டியையும் கணக்குல எடுத்துப்போம்னு அங்க இருந்த ஒரு ரூல். ரூல மாத்துனா டப்பா சைஸும் மாறிடும்.

ஃப்ரீக்வென்சி வேலை

கிரிட்ல, அதாவது ஸ்டேஷன்ல இருந்து வீடு வரைக்கும் எல்லாத்தையும் இணைக்கிற லைன் வலைல, இந்த செகண்ட் எவ்ளோ கரண்ட் உற்பத்தி ஆகுதோ இந்த செகண்டே அவ்ளோவும் செலவாகணும். உற்பத்தி கம்மியானா ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ்ல இருந்து கீழ இறங்கும் (சில நாடுகள்ல 60), அதிகமானா மேல ஏறும். ஒரு பெரிய ஜெனரேட்டர் ட்ரிப் ஆச்சுன்னா முதல் சில செகண்டுக்கு கை குடுக்கிறது மத்த ஜெனரேட்டர்களோட டன் கணக்குல சுத்துற ரோட்டர் தான், அது கொஞ்சம் வேகம் குறைஞ்சு தன்கிட்ட இருக்கிற சக்திய கிரிட்டுக்கு குடுக்கும். அதுக்குள்ள வேற யாராச்சும் ஓடி வந்து குறையை நிரப்பணும். நீராவி ஸ்டேஷன் வால்வ திறந்து முக்கி முனகி ஏறிட்டு இருக்கும்போது பேட்டரி ஒரு செகண்டுக்குள்ளயே முழு பவருக்கு போயிடும், ஏன்னா அங்க சூடாகவோ சுத்தவோ எதுவுமே இல்ல, பேட்டரியோட டிசி கரண்ட்ட கிரிட்டுக்கு ஏத்த ஏசியா மாத்துற இன்வர்ட்டருக்கு உத்தரவு போனா போதும்.

2017 டிசம்பர் 14 ராத்திரி ஒரு சம்பவம். ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்துல லாய் யாங் நிலக்கரி ஸ்டேஷன்ல ஒரு யூனிட் ட்ரிப், 560 மெகாவாட் போச்சு. ஃப்ரீக்வென்சி 49.8க்கு கிட்ட வந்துச்சு. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த ஹார்ன்ஸ்டேல் உடனே கரண்ட்ட உள்ள தள்ளுச்சு. உலகம் முழுக்க பாராட்டு. ஆனா எவ்ளோ குடுத்துச்சுன்னு பாருங்க, 7.3 மெகாவாட். 560 போன இடத்துல ஏழு சொச்சம்! அன்னிக்கு கிரிட்ட காப்பாத்தினது பேட்டரி தான்னு சொல்றது எனக்கு கொஞ்சம் ஓவரா படுது. ஆனா பேட்டரி மேல தப்பும் இல்ல, ஃப்ரீக்வென்சி எவ்ளோ விலகுதோ அந்த அளவுக்கு தான் குடுக்கணும்னு அத செட் பண்ணி வச்சிருக்காங்க, கொஞ்சம் விலகுச்சு கொஞ்சம் குடுத்துச்சு, இன்னும் விழுந்திருந்தா இன்னும் குடுத்திருக்கும். அப்படி நிஜமாவே விழுந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு பிரிட்டன்ல 2019 ஆகஸ்ட் 9 சாயங்காலத்த பாக்கலாம். மின்னல் விழுந்ததுக்கு அப்புறம் ஹார்ன்சீ கடல் காத்தாலையும் லிட்டில் பார்ஃபர்ட் கேஸ் ஸ்டேஷனும் அடுத்தடுத்து போச்சு, ஃப்ரீக்வென்சி 48.8க்கு இறங்குச்சு, தானாவே லோட கழட்டி விடுற ரிலே வேலை செஞ்சு சுமார் 10 லட்சம் கனெக்ஷன் இருட்டாச்சு. அன்னிக்கு பேட்டரிங்க பாஞ்சு வந்து குடுத்துச்சு, ஆனாலும் போன அளவு, வச்சிருந்த ரிசர்வ விட அதிகம்.

அதனால ஃப்ரீக்வென்சி வேலைக்கு சைஸ் போடும்போது மெகாவாட் தான் முக்கியம், மெகாவாட் ஹவர் ரெண்டாம்பட்சம். உங்க கிரிட்ல ஒரே அடில போகக்கூடிய பெரிய யூனிட் எது, அது போனா மத்தவங்க ஏறி வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆகும், இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும். இன்னொண்ணு, இந்த வேலை பாக்குற பேட்டரிய முழுசா சார்ஜ் பண்ணி வைக்க மாட்டாங்க, பாதில வச்சிருப்பாங்க. ஃப்ரீக்வென்சி இறங்குனா குடுக்கணும், ஏறுனா வாங்கணும், ரெண்டுக்கும் உள்ள இடம் வேணும்ல.

சாயங்கால பீக், இங்க தான் நிஜ கணக்கு

இது தான் நிறைய பேர் கேக்குறது, அதனால மெதுவாவே போவோம். ஒரு சப்ஸ்டேஷன்னு வச்சுக்கோங்க, லைன் 100 மெகாவாட் தான் தாங்கும். சாயங்காலம் 6 டு 7 லோடு 108, 7 டு 8 லோடு 120, 8 டு 9 லோடு 115, 9 டு 10 லோடு 104. மீதி நேரமெல்லாம் 100க்கு கீழ. புது லைன் இழுக்க வருஷக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் பேட்டரி வச்சு சமாளிக்கலாமான்னு கேள்வி.

100க்கு மேல இருக்கிறத மட்டும் கூட்டுங்க. 8, 20, 15, 4. மொத்தம் 47 மெகாவாட் ஹவர். அதிகபட்சம் 20 மெகாவாட். அப்போ 20 மெகாவாட், 47 மெகாவாட் ஹவர் வாங்கிட்டா முடிஞ்சதா? இல்ல, அங்க தான் எல்லாரும் வழுக்கி விழுறாங்க. 47ங்கிறது மீட்டர்ல வெளிய வரவேண்டியது. வெளிய வரும்போது இன்வர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர்ல கொஞ்சம் போகும், ஒரு பக்கத்துக்கு 6 சதவீதம்னு வைங்க, 47 வகுத்தல் 0.94, 50 ஆச்சு. செல்ல ஒட்ட உறிஞ்சக் கூடாது, மேலயும் கீழயும் கொஞ்சம் விட்டு 90 சதவீதம் தான் யூஸ் பண்ணுவோம், 50 வகுத்தல் 0.9, சுமார் 55.6. அப்புறம் வயசு. பத்து பன்னெண்டு வருஷம் கழிச்சு புதுசுல இருந்ததுல 75 சதவீதம் தான் மிஞ்சும்னு வச்சா, 55.6 வகுத்தல் 0.75, 74 வந்து நிக்குது. 47ல ஆரம்பிச்சு 74! சப்ளையர் சொல்ற நம்பர் இதுல எந்த படில இருக்குன்னு கண்டிப்பா கேளுங்க, செல்லுல இருக்கிறதா, மீட்டர்ல வர்றதா, முதல் நாளா, கடைசி வருஷமா. இத கேக்காம ரெண்டு கொட்டேஷன கம்பேர் பண்ணவே முடியாது.

நான் ஒரு தடவ இதே மாதிரி ஒரு ஷீட் போட்டு பெருமையா காட்டினேன், மணிக்கணக்கு சராசரிய வச்சு. பக்கத்துல இருந்தவர் பதினஞ்சு நிமிஷ டேட்டாவ எடுத்து போட்டார் பாருங்க, நான் 20ன்னு எழுதுன இடத்துல ஒரு பதினஞ்சு நிமிஷத்துக்கு 26 நிக்குது. மெகாவாட் ஹவர் பெருசா மாறல, மெகாவாட் மட்டும் எகிறிடுச்சு. இன்வர்ட்டர் 20 தான்னா மிச்ச 6ஐ லைன் தான் தாங்கணும், லைன் தாங்காதுன்னு தானே பேட்டரியே வாங்குறோம். அதனால மணி சராசரிய நம்பாதீங்க, பதினஞ்சு நிமிஷ டேட்டா கேளுங்க, அதுவும் வருஷத்துல மோசமான பத்து நாளோடது.

அடுத்தது, சார்ஜ் எங்கருந்து வரும்? 47 வெளிய வரணும்னா போக வர எல்லா நஷ்டமும் சேத்து 86 சதவீதம்னு எடுத்துக்கலாம், அப்போ சுமார் 55 உள்ள போகணும். அதே 100 மெகாவாட் லைன் வழியா தான் போகணும். மத்தியானம் லோடு 88ன்னா மிச்சம் 12 மெகாவாட், 5 மணி நேரத்துல 60. 55 தேவை, 60 இருக்கு, தப்பிச்சோம். ஆனா மத்தியானமும் லோடு 95ல நின்னுச்சுன்னா அஞ்சு மணி நேரத்துல 25 தான், மிச்சத்துக்கு ராத்திரி தேடணும். சார்ஜ் பண்ண வழியில்லாத இடத்துல பேட்டரி வச்சா அது வெறும் வெயிட்டு.

74 மெகாவாட் ஹவர்னா கண்ணுல எப்படி இருக்கும்? இப்போ அதிகமா வர்ற ஒரு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், 314 ஆம்பியர் ஹவர், 3.2 வோல்ட். பெருக்கி பாருங்க, சுமார் 1000 வாட் ஹவர், கிட்டத்தட்ட 1 யூனிட். கனமான செங்கல் மாதிரி, அஞ்சரை கிலோ இருக்கும். ஒரு வீட்டு ஃபேன ஒரு ராத்திரி முழுக்க ஓட்டுற அளவு கரண்ட் ஒரு செங்கலுக்குள்ள. அத ஆயிரக்கணக்குல ரேக்ல அடுக்கி, நடுவுல கூலன்ட் குழாய் ஓட விட்டு, 20 அடி கன்டெய்னர் ஒண்ணுல சுமார் 5 மெகாவாட் ஹவர் அடைக்கிறாங்க. அப்போ நம்ம சப்ஸ்டேஷனுக்கு 15 கன்டெய்னர். பக்கத்துல இன்வர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச்கியர். கிட்ட போய் நின்னா சில்லர் (கூலன்ட்ட குளிர வைக்கிற மெஷின்) ஃபேன் சத்தம் தான் காத அடைக்கும், பேட்டரிக்குன்னு தனியா சத்தமே கிடையாது.

15ஐயும் முதல் நாளே வாங்கணுமா? எனக்கு கேட்டா வேணாம். 12 வாங்கி வேலைய ஆரம்பிச்சுட்டு, மிச்ச மூணுக்கு ஃபவுண்டேஷனும் கேபிள் ட்ரெஞ்சும் மட்டும் போட்டு காலியா விட்டுடுங்க. சில வருஷம் கழிச்சு கெப்பாசிட்டி குறையும்போது புதுசு வாங்கி வைக்கலாம். ஒரு எச்சரிக்கை, பழைய ரேக்கையும் புது ரேக்கையும் ஒரே இன்வர்ட்டர்ல கோத்தா பழசு தான் வேகத்த தீர்மானிக்கும், அதனால புதுசுக்கு தனி இன்வர்ட்டர்னு முன்னாடியே இடம் ஒதுக்குங்க.

கம்மி விலைக்கு வாங்கி ஏறுனப்போ விக்கிறது

இது சீக்கிரம் முடியுற கணக்கு. 100 யூனிட் வாங்குனா 86 தான் திரும்ப வரும், அதனால விக்கிற விலை வாங்குன விலைய விட குறைஞ்சது 1.16 மடங்கு இருந்தா தான் கை கடிக்காது. அதுக்கு மேல ஒவ்வொரு சைக்கிளுக்கும் (ஒரு தடவ சார்ஜ் ஏறி இறங்குறது) செல் கொஞ்சம் தேயும், அந்த தேய்மானத்துக்கும் ஒரு விலை போட்டு சேருங்க. மத்தியானம் சோலார் கொட்டி சாயங்காலம் சூரியன் இறங்குனதும் லோடு செங்குத்தா ஏறுற கிரிட்ல இந்த வித்தியாசம் தாராளமா கிடைக்கும். 2024 ஏப்ரல்ல ஒரு சாயங்காலம் கலிஃபோர்னியா கிரிட்ல கொஞ்ச நேரத்துக்கு மத்த எந்த ஒரு வகையையும் விட அதிகமா சப்ளை பண்ணது பேட்டரி தான், 6000 மெகாவாட்டுக்கு மேல. ஆனா எல்லாரும் பேட்டரி வச்சுட்டா சாயங்கால விலையே இறங்கிடும், முதல்ல வந்தவனுக்கு கிடைச்ச லாபம் பத்தாவதா வர்றவனுக்கு கிடைக்காது. பத்து வருஷத்துக்கு இன்னிக்கு விலைய அப்படியே இழுத்து எக்செல் போட்டு யாராச்சும் காட்டினா அங்கயே நிறுத்துங்க.

ஒரே பேட்டரிக்கு ரெண்டு மூணு வேலை

எல்லா பிரசன்டேஷன்லயும் இது வரும், அஞ்சு வேலை அஞ்சு வருமானம்னு அடுக்கி ஒரு பார் சார்ட். மேல பாத்தோம்ல, ஃப்ரீக்வென்சி வேலைக்கு பாதி சார்ஜ்ல நிக்கணும், பீக் வேலைக்கு 6 மணிக்கு ஃபுல்லா இருக்கணும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஒரே செல்ல வச்சு பண்ண முடியாது. ஹார்ன்ஸ்டேல்ல ஆரம்பத்துலயே இத தெளிவா பிரிச்சுட்டாங்க, 100ல 70 மெகாவாட் கிரிட் பாதுகாப்புக்குன்னு மாநில அரசோட ஒப்பந்தம், மீதி 30 மெகாவாட் ஓனர் கம்பெனி நியோயென் மார்க்கெட்ல வாங்கி விக்க. நீங்களும் ஒரு பேப்பர்ல 24 மணி நேரத்தையும் கட்டம் போட்டு, ஒவ்வொரு மணிக்கும் எவ்ளோ மெகாவாட் யாருக்கு, சார்ஜ் எவ்ளோ சதவீதம்னு எழுதுங்க. ஒரே கட்டத்துல ரெண்டு பேர் பேரு வந்துச்சுன்னா அந்த வருமானத்துல ஒண்ணு பொய்.

இன்வர்ட்டர் எந்த வகைன்னு கேளுங்க

இத யாரும் கேக்குறதே இல்ல, ஆனா சோலாரும் காத்தாலையும் ஏற ஏற இது தான் பெரிய கேள்வி. சாதாரண இன்வர்ட்டர் கிரிட்ல ஏற்கனவே இருக்கிற அலைய பாத்து அது பின்னாடி போகும், கிரிட்டே விழுந்துட்டா அதுக்கு வழி தெரியாது. கிரிட் ஃபார்மிங் வகை தானே அலைய உருவாக்கும், சுத்துற ரோட்டர் குடுக்குற மாதிரி அந்த முதல் செகண்ட் தாங்குதலையும் குடுக்கும். ஹார்ன்ஸ்டேலுக்கே இதுக்கு 2022ல தான் அனுமதி கிடைச்சுது, அதுவும் செல்ல மாத்தாம, இன்வர்ட்டர் வேலை செய்யுற முறைய மாத்தி. அப்புறம் வோல்டேஜ். ஸ்பெயினும் போர்ச்சுகலும் 2025 ஏப்ரல் 28 அன்னிக்கு முழுசா இருட்டானதுல முக்கியமா பேசப்பட்டது வோல்டேஜ் கட்டுக்கடங்காம ஏறினது தான். வோல்டேஜ இழுத்துப் பிடிக்க பேட்டரில இருக்கிற சார்ஜே தேவையில்ல, இன்வர்ட்டர் கெப்பாசிட்டி மிச்சம் இருந்தா போதும். இந்த வசதி ஆன் பண்ணியிருக்கான்னு ஒரு வரி கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

தீ

பேட்டரினாலே வெடிக்கும்னு பயப்படுறதும் தப்பு, எல்எஃப்பி தானே ஒண்ணும் ஆகாதுன்னு அசால்ட்டா இருக்கிறதும் தப்பு. எல்எஃப்பி, நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேந்த என்எம்சி வகைய விட அதிக சூட்ட தாங்கும், ஆனா ஒரு தடவ கட்டுப்பாடு போச்சுன்னா அதுவும் எரியக்கூடிய கேஸ வெளிய விடும். அரிசோனால 2019 ஏப்ரல்ல ஒரு சின்ன சைட், 2 மெகாவாட் தான், தீ அணைக்க வந்தவங்க கதவ திறந்து கொஞ்ச நேரத்துல உள்ள சேந்திருந்த கேஸ் வெடிச்சு நாலு பேருக்கு பலத்த அடி. விக்டோரியால 2021 ஜூலைல டெஸ்டிங் சமயத்துல ஒரு யூனிட்ல கூலன்ட் கசிஞ்சு தீ பிடிச்சு பக்கத்து யூனிட்டுக்கும் பரவுச்சு, அந்த யூனிட்ட ஆஃப்லைன்ல போட்டிருந்ததால கண்காணிப்பும் சரியா இல்ல. கலிஃபோர்னியாவோட மாஸ் லேண்டிங்ல 2025 ஜனவரில எரிஞ்சது என்எம்சி, அதுவும் பழைய டர்பைன் கட்டடத்துக்குள்ள எல்லாத்தையும் சேத்து அடுக்கி வச்சது, ஆயிரம் பேருக்கும் மேல வெளியேத்த வேண்டியதாச்சு.

இந்த மூணையும் வச்சு சைட் ப்ளான்ல என்ன பாக்கணும்னு நீங்களே சொல்லிடுவீங்க. கட்டடத்துக்குள்ளயா திறந்த வெளிலயா, கன்டெய்னருக்கு நடுவுல எவ்ளோ இடைவெளி, ஒண்ணு முழுசா எரிஞ்சா பக்கத்துல இருக்கிறது தாங்கும்னு டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா, கேஸ் வெளிய போக வழி எங்க, உள்ள நிலவரம் கதவ திறக்காமலே வெளிய தெரியுமா, முதல் நாள் ஸ்விட்ச் ஆன் பண்றதுக்கு முன்னாடியே அலாரமும் கண்காணிப்பும் வேலை செய்யுதா.

வந்ததுக்கு அப்புறம் அளக்குறது

வாங்கின அன்னிக்கு ஒரு டெஸ்ட், ஃபுல்லா சார்ஜ் பண்ணி 20 மெகாவாட்ல விட்டு, தீர வரைக்கும் மீட்டர்ல எவ்ளோ வந்துச்சுன்னு எழுதுங்க. வருஷா வருஷம் அதே மாசம், அதே வெப்பநிலைல திரும்ப பண்ணுங்க. ஸ்க்ரீன்ல காட்டுற சதவீதத்த மட்டும் நம்பிடாதீங்க, எல்எஃப்பி செல்லோட வோல்டேஜ் நடுவுல நீளத்துக்கு தட்டையா 3.2, 3.3ன்னே நிக்கும், அதனால சாஃப்ட்வேர் குத்துமதிப்பா தான் சொல்லும், 40ன்னு காட்டிட்டு இருந்தது திடீர்னு 31க்கு குதிக்கிறதெல்லாம் நடக்கும். அப்பப்போ ஃபுல் சார்ஜ் வரைக்கும் கொண்டு போனா தான் அதுக்கே தெளிவு வரும். ஆனா ஃபுல்லா வச்சு வெயில்ல நாள் கணக்குல சும்மா நிறுத்தாதீங்க, அப்படி நின்னாலே செல் தேயும், 6 மணி பீக்குன்னா அஞ்சரைக்கு ஃபுல் ஆகுற மாதிரி டைமிங் வைங்க.

மாசம் ஒரு தடவ, உள்ள போன யூனிட், வெளிய வந்த யூனிட் ரெண்டையும் எடுத்து வகுத்து பாருங்க, சில்லரும் கன்ட்ரோல் ரூமும் குடிக்கிற கரண்ட்டையும் உள்ள போனதோட சேத்து. 86ல இருந்தது 82 ஆச்சுன்னா உடனே செல் போச்சுன்னு சப்ளையர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, பேட்டரி அந்த மாசம் பாதி நாள் சும்மா நின்னுச்சா, சில்லர் ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு சைட்ல ரெண்டு மாசம் லெட்டர் மேல லெட்டர் போட்டாங்க, கடைசில ஃபில்டர கழுவுனதும் சரியாயிடுச்சு.